வங்கி டேட்டா வேலையிலிருந்து ஜீனோமிக்ஸுக்கு: 32 வயதில் மாறலாமா?

தெம்பனிஸ்_டேட்டா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சிக்காரன். 2014ல் பி.டெக் பயோடெக்னாலஜி முடித்தேன். கேம்பஸுக்கு வந்த எந்தக் கம்பெனியும் பிபெட் பிடிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, ஜாவா தெரியுமா என்றுதான் கேட்டது. தெரியும் என்று சொல்லிவிட்டேன் (அன்றைக்குத் தெரியாது). அதிலிருந்து ஐடிதான். ஏழு வருடமாக இங்கே சிங்கப்பூரில் ஒரு வங்கிக்கு டேட்டா இன்ஜினியர். எஸ்கியூஎல், ஸ்பார்க், பைத்தான், அப்புறம் இரவு இரண்டு மணிக்கு பைப்லைன் விழுந்தால் எழுப்புகிற போன். சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது.

இப்போது மனைவிக்கு நான்காவது மாதம். டாக்டர் என்ஐபிடி என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வாங்கப் போனபோது அங்கிருந்த ஆலோசகரிடம் இது எப்படி வேலை செய்கிறது என்று சும்மா கேட்டு வைத்தேன். அம்மாவின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ துண்டுகள் மிதக்குமாம், அவற்றைப் படித்து எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று பிரித்து எண்ணுவார்களாம், 21ஆவது குரோமோசோமின் பங்கு இருக்க வேண்டியதைவிடத் துளி கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகம். ரயிலில் வீடு திரும்பும்வரை எனக்கு ஒரே யோசனை. இது குரூப் பை, கவுன்ட்தானே? நான் தினமும் கிரெடிட் கார்டு பில்லுக்குச் செய்வதுதானே?

அன்றிலிருந்து இரவில் தூக்கம் இல்லை, யூடியூபில் ஜீனோமிக்ஸ் (ஒருவரின் மொத்த டிஎன்ஏவையும் படித்து ஆராய்வது) பாடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் இவைதான். இந்த வயதில் கம்ப்யூட்டேஷனல் பயாலஜிக்குள் வர முடியுமா? பிஎச்டி இல்லாமல் கதவு திறக்குமா? மெஷின் லேர்னிங் ஓரளவு தெரியும், ஆனால் பயாலஜி பத்து வருடத் துரு. நான் இன்னும் இபி என்ற வேலை அனுமதியில்தான் இருக்கிறேன், பிஆர் (நிரந்தரவாசம்) இல்லை. மனைவி "குழந்தை வரும் நேரத்தில்தான் உனக்கு இது தோன்ற வேண்டுமா" என்கிறாள். அதற்கும் யாராவது பதில் வைத்திருந்தால் நல்லது.

புவனவிஸ்தா_அக்கா எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், டிஎன்ஏ எங்கும் ஓடிப்போகாது.

"குரூப் பை, கவுன்ட்தானே" என்று கேட்டீர்களே, ஆமாம், இந்த வேலையில் பாதி அதுதான். நீங்கள் எண்ணுகிற வரிகள் எங்கிருந்து, யார் கையால், எந்த மெஷின் வழியாக வந்தன என்று துருவுவது மீதிப் பாதி. என் முடி நரைத்தது அதில்தான்.

நான் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் ஓர் ஆய்வுக் குழுவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே கட்டடத்துக்கே ஜீனோம், மேட்ரிக்ஸ், புரோட்டியோஸ் என்று பெயர் வைத்திருப்பதால், உள்ளே இருப்பவர்கள் காலையில் ஒரு மாடலை ஓடவிட்டு மாலைக்குள் புற்றுநோய்க்குக் காரணமான ஜீனைப் பிடித்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு. போன வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் ஓர் எக்செல் கோப்பில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்த பிறந்த தேதிகளை ஒரே விதமாக்கினேன். ஒரு நாள் சூப்பர்கம்ப்யூட்டர் வரிசையில் என் வேலை எப்போது ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டாக்டர்களோடு மீட்டிங். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் மாடல். எக்செல் என்றதும் நினைவுக்கு வருகிறது, செப்ட்-2 என்று ஒரு ஜீன் இருந்தது, எக்செல் அதைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். பல வருடம் சண்டைபோட்டுப் பார்த்துவிட்டு, ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு கடைசியில் 2020 வாக்கில் ஜீனின் பெயரையே செப்டின்-2 என்று மாற்றிவிட்டது. எக்செல்லை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது!

அளவைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்காது. ஒரு மனிதரின் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்து, சராசரியாக ஒவ்வோர் இடத்தையும் முப்பது முறை படிக்கிறோம், பொதுவான மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டால் ஆளுக்கு 40 முதல் 50 லட்சம் இடத்தில் வேறுபாடு வரும். அந்த 50 லட்சத்தில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. எது செய்யும் என்று கேட்பதுதான் பிழைப்பு. வங்கியில் இதைவிடப் பெரிய டேபிளைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் வங்கியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (ஊரும் பெயரும் வேண்டாம்) இதய நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் பிரிக்க ஒரு மாடல் கட்டினோம். ஏயூசி (மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண், 1 என்றால் முழு மதிப்பெண்) 0.97. ஆளாளுக்குக் கை குலுக்கிக்கொண்டோம், என் தலைவர் அன்று எல்லாருக்கும் சிக்கன் ரைஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு நாளாக வயிற்றில் ஏதோ பிசைந்தது, ஏனென்றால் அந்த நோய்க்கு ரத்தத்தை மட்டும் வைத்து அவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்தால் இத்தனை வருடம் இதய மருத்துவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கோப்புகளைத் தோண்டினேன். நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் டிஎன்ஏ படிக்கும் பழைய மெஷினில் ஓடியவை. மற்றவர்களுடையவை மறு வருடம் வந்த புது மெஷினில். ஃப்ரீசரில் மிச்சமிருந்த டிஎன்ஏவில் நலமான பத்துப் பேருடையதை எடுத்து, பழைய மெஷினில் மறுபடி ஓட்டச் சொன்னேன். பத்துப் பேருக்கும் இதய நோய் என்றது மாடல். அது கற்றுக்கொண்டது நோயை இல்லை, மெஷினை. எட்டு மாத வேலை. சிக்கன் ரைஸ் மட்டும்தான் மிச்சம்.

இதனால்தான் புது டேட்டா வந்தால் நான் மாடல் பக்கமே போவதில்லை. முதலில் ஒவ்வொருவருக்கும் ஒய் குரோமோசோமில் எத்தனை ரீட் (மெஷின் படித்த டிஎன்ஏ துண்டு) விழுந்திருக்கிறது என்று எண்ணி, ஆணா பெண்ணா என்று படிவத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுவேன். ஒருமுறை ஆண் என்று எழுதியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒய்யே இல்லை, பெண்களில் பாதிப் பேருக்கு இருந்தது. மாதிரிகளை வைக்கும் 96 குழித் தட்டை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். ஏ1ல் இருக்க வேண்டியது எச்12ல், எச்12ல் இருக்க வேண்டியது ஏ1ல். தட்டில் ஒரு மூலை வெட்டியிருக்கும், அதைப் பார்த்து வைக்க வேண்டும். இது எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தருவதில்லை. லேபுக்குள் போய் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த வெட்டு மூலை தெரியும்.

மெஷின் லேர்னிங் பக்கம் ஒரு நல்ல உதாரணம் டீப்வேரியண்ட். கூகுள் 2017ல் வெளியிட்டது. ஓர் இடத்தில் விழுந்த ரீடுகளை அடுக்கிப் படம் போல ஆக்கி, பூனையா நாயா என்று பார்க்கும் அதே வகை நியூரல் நெட்வொர்க்கிடம் "இங்கே உண்மையாகவே மாற்றம் இருக்கிறதா, மெஷின் பிழையா" என்று கேட்கிறது. அழகான யோசனை. அது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் நெட்வொர்க் மட்டும் இல்லை, சரியான விடை தெரிந்த ஜீனோம்கள் கையில் இருந்தன. விடை தெரியாத இடத்தில் நாங்கள் எல்லாரும் தடவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம் நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். உலகத்தில் இப்படி ஜீனோம் ஒப்பிடும் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சம் என்று 2019ல் ஒரு கணக்கு வந்தது. அங்கே பழகிய மாடலை நம்மேல் போட்டால் தடுமாறும். இதயத் தசையில் எம்ஒய்பிபிசி3 என்று ஒரு ஜீன், அதில் 25 எழுத்து விட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்று 2009ல் எழுதினார்கள். ஐரோப்பியர்களை மட்டும் வைத்து "அரிது" என்பதற்கு வடிகட்டி போட்டால், நம்மில் இருபத்தைந்து பேருக்கு ஒருவரிடம் இருப்பது அபூர்வமாகத் தெரியும். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று பெரிய வம்சத்தையும் ஒரே இடத்தில் படிக்க முடிகிறது. 2019ல் 4,810 பேரின் ஜீனோமை வைத்துக் கட்டுரை வந்தது, 2021ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு இலக்கு 1,00,000 பேர். நான் இங்கே ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பிஎச்டி பற்றி: உங்கள் பெயரில் சொந்தக் கேள்வியை வைத்துக் குழு நடத்த வேண்டுமென்றால் வேண்டும். பைப்லைன் கட்டவும் டேட்டாவைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம், அந்த வேலைக்கு இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். எங்கள் குழுவில் நெக்ஸ்ட்ஃப்ளோ (பைப்லைன் கட்டும் மென்பொருள்) ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு பையன் லீவு போட்டால் நாங்கள் எல்லாரும் லீவு போட்ட மாதிரிதான்.

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஜீனோம் இன் எ பாட்டில் என்று அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் விடை தெரிந்த மாதிரிகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. எச்ஜி002 என்பவருடைய 20ஆவது குரோமோசோமை மட்டும் இறக்கி, ரீடுகளைப் பொருத்தி, டீப்வேரியண்ட் ஓட்டி, விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னக் குரோமோசோம், வீட்டுக் கணினி தாங்கும். இருபதே ஏன் என்றால், டீப்வேரியண்ட்காரர்கள் பயிற்சியில் அதைத் தொடாமல் பரீட்சைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் இரவில் உட்கார்ந்த பிறகும் ஆசை இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

ஈசூன்_மைக்ரோபிபெட் எழுதியது:

நான் மருத்துவமனை ஜெனடிக்ஸ் லேபில் இருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு சின்னத் திருத்தம்: என்ஐபிடியில் எண்ணுவது குழந்தையின் டிஎன்ஏ என்று எல்லாரும் சொல்வது வழக்கம், உண்மையில் அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், சில சமயம் இருக்காது. அதனால்தான் அது வெறும் ஸ்கிரீனிங் பரிசோதனை, சந்தேகம் வந்தால் பனிக்குட நீரை எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறார்கள். அக்கா சொன்ன "வரி எங்கிருந்து வந்தது" என்பது இதுவும்தான்.

இன்னொன்று, எல்லாரும் டீப் லேர்னிங், டீப் லேர்னிங் என்கிறீர்கள். சிங்கப்பூரில் ஜீனோமிக்ஸ் நேரடியாக மனிதர்களைக் காப்பாற்றும் இடத்தைக் கேட்டால் நான் கார்பமசெபின் மாத்திரையைச் சொல்வேன். வலிப்புக்குக் கொடுப்பது. எச்எல்ஏ-பி 15:02 என்ற வகை உடம்பில் இருந்தால் அந்த மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துவிடும், ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்பார்கள், உயிரே போகலாம். ஆசியர்களிடம் அந்த வகை அதிகம். 2013ல் இங்கே சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் ஆசிய வம்ச நோயாளிகளுக்குப் புதிதாக இந்த மாத்திரை எழுதும் முன் அந்த ஒரு ஜீனைப் பார்த்துவிடச் சொன்னார்கள். ஒரு ஜீன், அதில் அந்த வகை உண்டு அல்லது இல்லை. நியூரல் நெட்வொர்க்கும் கிடையாது ஒன்றும் கிடையாது.

மருத்துவமனைப் பக்கம் வந்தால் உங்கள் வங்கி அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. எந்த வெர்ஷனில் ஓடியது, யார் மாற்றினார், ஆடிட்டுக்கு எழுதி வைத்திருக்கிறதா என்பதெல்லாம் ஆய்வுக்கூட ஆட்களுக்கு அலர்ஜி, உங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருக்கும்.

விலகி_வந்தவன் எழுதியது:

கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிஎச்டி, அப்புறம் இரண்டு இடத்தில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை), மொத்தம் பதினோரு வருடம் இதே துறையில் இருந்துவிட்டு இப்போது லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் டேட்டா சயின்டிஸ்ட். காரணம் அறிவியல் இல்லை, காண்டிராக்ட். இரண்டு வருடம், அப்புறம் ஒரு வருடம், அப்புறம் "கிராண்ட் (ஆய்வு நிதி) வந்தால் பார்க்கலாம்". இபியில் இருப்பவருக்கு அந்தப் "பார்க்கலாம்" என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் இரண்டு வருடம், என் வேலை ஒப்பந்தம் ஒரு வருடம், வீட்டுக்காரருக்கு இருந்த தைரியம் என் முதலாளிக்கு இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து புது இபிக்குக் காம்பஸ் புள்ளிக் கணக்கு வேறு, 40 எடுக்க வேண்டும். சம்பளம் குறைகிற வேலைக்கு மாறும்போது அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள், மாடல் ஏயூசியை அப்புறம் பார்க்கலாம்.

ஹைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் உண்மையான சாதனை, 2024 நோபல் சும்மா வரவில்லை. அதற்குப் பின்னால் ஐம்பது வருடமாக உலகமே ஒரே இடத்தில் போட்டு வைத்த புரதக் கட்டமைப்புகள் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் செல்லுக்கும் அப்படி ஒன்று செய்துவிடலாம் என்று கிளம்பினார்கள். ஒரு ஜீனை அணைத்தால் மற்ற ஜீன்கள் எப்படி மாறும் என்று சொல்லும் பெரிய பெரிய மாடல்களை எடுத்து, எளிய நேர்கோட்டுக் கணக்கோடு மோதவிட்டுப் பார்த்து 2025ல் நேச்சர் மெத்தட்ஸில் ஒரு கட்டுரை வந்தது. நேர்கோட்டை எதுவும் முந்தவில்லை. நான் இருந்த குழுவில் ஜிபியுவுக்குச் செலவழித்த காசை நினைத்துச் சிரித்துக்கொண்டேன், சிரிப்புதானா என்று தெரியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பார்சல் எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதற்காக நான் ஒருநாளும் இரவு விழித்ததில்லை.

புவனவிஸ்தா_அக்கா எழுதியது:

விலகி வந்தவர் சொன்ன காண்டிராக்ட் கதையில் பொய்யே இல்லை. எனக்கும் மூன்று முறை கடைசி மாதத்தில்தான் கடிதம் வந்தது. நான் குடிமகள், கணவருக்கு நிரந்தர வேலை, அதனால் தாங்க முடிந்தது. தம்பிக்கு அந்த மெத்தை இல்லை என்பதை நான் முதல் பதிலில் எழுதியிருக்க வேண்டும்.

பாலிடெக்னிக்_மாணவி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயோமெடிக்கல் படிக்கிறேன், கோடிங் கொஞ்சம்தான் தெரியும். நான் பைத்தான் படிக்கட்டுமா, ஆர் படிக்கட்டுமா?

ஈசூன்_மைக்ரோபிபெட் எழுதியது:

ஏதாவது ஒன்று. அதற்கு முன் லினக்ஸ் டெர்மினலில் பயமில்லாமல் நடமாடப் பழகுங்கள் தங்கச்சி. அப்புறம் புள்ளியியல் வகுப்பில் பின்வரிசையில் உட்காராதீர்கள்.

தெம்பனிஸ்_டேட்டா எழுதியது:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்குத் தனி நன்றி. நஞ்சுக்கொடி விஷயத்தை மனைவியிடம் சொன்னேன், "இதாவது உருப்படியான தகவல்" என்றாள்.

விலகி வந்தவர் சொன்ன மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை வங்கியை விடுவதில்லை. நன்யாங் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் டேட்டா சயன்ஸ் முதுகலை ஒன்று இருப்பதைப் பார்த்தேன், அதன் கட்டணத்தை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. பிஆர் விண்ணப்பம் முதலில்.

20ஆவது குரோமோசோமை ஓட்டினேன். கதையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ரீடுகளைப் பொருத்த இரண்டு இரவு, டீப்வேரியண்ட் ஒரு இரவு. விடைக் கோப்பை இறக்கி ஒப்பிடப் போனால் பெயர் பொருந்தவில்லை. என் கோப்பில் "சிஎச்ஆர்20" என்று இருந்தது, விடைக் கோப்பில் வெறும் "20". வங்கியில் இரண்டு டேபிள் ஜாயின் ஆகவில்லையென்றால் என்ன செய்வோம், முன்னொட்டை வெட்டி எறிவோம். வெட்டி எறிந்தேன். இப்போது ஒழுங்காக ஓடியது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. விடையில் கிட்டத்தட்ட எதுவுமே பொருந்தவில்லை!

இரண்டு நாள் டீப்வேரியண்டைத் திட்டினேன். மூன்றாம் நாள் இரவு ஒரே ஒரு வேரியண்டை (மாற்றத்தை) எடுத்து இரண்டு கோப்பிலும் கையால் தேடினேன். அக்கம்பக்கத்து எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, இட எண் மட்டும் தள்ளியிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. நான் ரீடுகளைப் பொருத்தியது பொதுவான மாதிரி ஜீனோமின் 38ஆம் பதிப்பில், இறக்கிய விடை 37ஆம் பதிப்புக்கானது. அந்த "சிஎச்ஆர்" இல்லாததே அதற்கு அடையாளம், நான் அடையாளத்தை வெட்டி எறிந்துவிட்டுக் காணவில்லை என்று தேடியிருக்கிறேன்.

சரியான விடையை இறக்கி மறுபடி ஓட்டினேன். இப்போது விடையில் இருப்பதெல்லாம் அநேகமாகக் கிடைத்துவிட்டது, ஆனால் நான் கண்டுபிடித்ததில் ஏகப்பட்டது விடையில் இல்லை என்கிறது. டீப்வேரியண்ட் இவ்வளவு தப்பாகச் சொல்லுமா?

புவனவிஸ்தா_அக்கா எழுதியது:

37, 38 குழப்பத்தில் விழாதவர் எங்கள் தளத்தில் ஒருவரும் இல்லை, நான் பிஎச்டியில் ஒரு மாதம் விழுந்து கிடந்தேன்.

டீப்வேரியண்ட் மேல் பழி போடாதீர்கள். விடைக் கோப்போடு இன்னொரு பெட் கோப்பும் இருந்திருக்கும், பார்த்தீர்களா? எந்தெந்த இடத்தில் விடையை நம்பலாம் என்று அதில்தான் எழுதியிருக்கிறது. மீதி இடங்களில் விடையே எழுதப்படவில்லை, அங்கே நீங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் தப்பு என்று எண்ணியிருக்கிறது. அதைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் தேக்கா சந்தைப் பக்கம் வருவேன், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மனைவியையும் கூட்டி வாருங்கள், தோசை சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.